தெய்வானைக்கு ஒரு பூங்கொத்து

ஜனவரி 29, திங்கள்

142/88.

இந்த நோட்டு என் வீட்டுக்காரரின் ரத்த அழுத்தத்தை எழுதிவைக்க வாங்கியது. தினமும் காலையில் பார்த்துத் தேதியோடு குறித்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம் விட்டு அச்சடித்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி எழுதிவிட்டு மிச்சத்தைச் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை. டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு வசதி.

இன்று பூக்கடையில் மார்லீன் சொன்னாள், தெய்வானையின் வீடு விற்றுப்போய்விட்டதாம். பிப்ரவரி இருபதாம் தேதி மகனோடு டெக்சாஸ் போய்விடுகிறாளாம். அயோவா மாநிலத்தில் கெட்டில் க்ரீக் என்கிற இந்தச் சின்ன ஊரில் மொத்தமே இரண்டு தமிழ்க் குடும்பம். ஒன்று நாங்கள், இன்னொன்று அவள். பதினெட்டு வருடப் பழக்கம். அவள் ஊரை விட்டுப் போகிற சேதியை எனக்கு ஒரு வெள்ளைக்காரி சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். “ஒனக்கு முந்தியே தெரியாதாக்கும்?” என்றார். தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 1, வியாழன்

138/84. பரவாயில்லை.

கடையில் கூட்டம் இல்லை. வாளிகளைக் கழுவி வைத்தேன். புதிதாக வந்த ரோஜாக்களுக்குக் கீழ் இலையைக் கிள்ளி, காம்பைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் நிறுத்தினேன்.

மார்லீன் கடையில் பதினொரு வருடமாகப் பூ கொண்டுபோய்க் கொடுக்கிறேன். குழல்வாய்மொழி என்ற என் பெயர் இவர்கள் வாயில் நுழையாததால் இங்கே நான் ‘கே’. தென்காசிப் பக்கம் அம்மன் பெயரை வைத்துக்கொண்டு வந்தவளை ஒற்றை எழுத்தாக்கி வண்டி ஓட்ட விட்டுவிட்டார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பூ வேண்டும். பிள்ளை பிறந்தால் பூ, பல்லைப் பிடுங்கினால் பூ, பூனை செத்தாலும் பூ. குளிர்காலத்தில் கொத்தைக் காகிதத்தில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறையும் போட வேண்டும். வண்டியிலிருந்து வாசலுக்குப் போகிற இருபது அடியில் இதழ் கருகிவிடும். வாசலில் வைத்துவிட்டும் வரக் கூடாது. மணி அடித்து, காத்திருந்து, கையில் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கதவுக் குமிழில் ஓர் அட்டையை மாட்டிவிட்டுக் கொத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இத்தனை வருடத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். வாங்குகிற யாரும் முதலில் பூவைப் பார்ப்பதில்லை. காகிதத்தைக் கிழித்து, உள்ளே செருகியிருக்கும் கார்டைத்தான் தேடுகிறார்கள். யார் அனுப்பியது என்று தெரிந்த பிறகுதான் பூ கண்ணுக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 5, திங்கள்

140/86.

தெய்வானை வீட்டுக்குப் பூ கொண்டுபோகும்படி ஆகிவிட்டது. நூலகத்தில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் வழியனுப்புவதற்காக அனுப்பியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வாசலில் நிற்கிறேன். கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள்.

“வாங்க குழலக்கா. பெட்டியெல்லாம் கெடக்குது, பாத்து வாங்க. காப்பி வெக்கட்டுங்களா?”

“வண்டி ஓடிக்கிட்டு இருக்கு தெய்வானை. இன்னொரு நாள் வாரேன்.”

வாங்கினாள். கார்டை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். நூலகத்துப் பெண்கள் ஏழு பேரின் கையெழுத்து. ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தாள்.

“வண்டில இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களாக்கா?”

“இல்ல. இன்னைக்கு ஒனக்கு இது ஒண்ணுதான்.”

“செரிங்க” என்றாள். வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்புகிற வரைக்கும் குளிரில் கதவைத் திறந்துவைத்தபடி நின்றாள்.

அவள் வீட்டுக்காரர் துரைசாமி இறந்த வாரத்திலும் இதையேதான் கேட்டாள். அது இரண்டு வருடத்துக்கு முன்னால், நவம்பரில். அவர் மாட்டு டாக்டர். நாற்பது மைல் சுற்றளவில் அவர் கை வைக்காத பசு கிடையாது, அதனால் பூ வந்து குவிந்தது. ஆறு நாளில் இருபத்து மூன்று கொத்து நானே கொண்டுபோனேன். ஒவ்வொன்றையும் வாங்கிக் கார்டைப் படித்துவிட்டு, “இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்பாள். வந்த பூவை எங்கே வைப்பது என்று அலுத்துக் கேட்கிறாள் என்று நினைத்து, “அவ்வளவுதான் தெய்வானை, போய்ப் படு” என்று ஆறுதல் சொல்லிவிட்டு வருவேன்.

இருபதாம் தேதிக்குள் நானும் என் பெயரில் ஒரு கொத்து கட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு மரியாதைக்காவது.

பிப்ரவரி 7, புதன்

136/82.

காதலர் தினத்துக்கு இன்னும் ஒரு வாரம். சிவப்பு ரோஜா பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. முள் எடுத்தே விரல் நுனியெல்லாம் காந்துகிறது.

நிலவறைக்குப் போய் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். குளிர்காலம் முழுக்க அது விளக்கு வெளிச்சத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கும், மே மாதம் வெளியே எடுத்தால் ஜூனில் பூக்கும். தெய்வானை தன் செடியில் பதியன் போட்டுக் கொடுத்தது இது. கோயம்புத்தூரிலிருந்து எப்படிக் கொண்டுவந்தாள் என்பதை இன்று வரை சொல்லவில்லை. கோடையில் வெள்ளிக்கிழமைதோறும் பறித்துத் தொடுத்து ஒரு முழம் எனக்கு, ஒரு முழம் அவளுக்கு. சோள வயலுக்கு நடுவில் இரண்டு பொம்பளைகள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கடைக்குப் போவதைப் பார்த்து ஊரே மூக்கை உறிஞ்சும்.

துரைசாமி போன நவம்பரில் அவள் தன் தொட்டியை உள்ளே எடுத்துவைக்க மறந்துவிட்டாள். செடி பனியில் போய்விட்டது. அடுத்த ஜூனில் என் செடிதான் பூத்தது. நான் தொடுத்தேன், கொடுக்கவில்லை. அவளுக்கு மனசு கஷ்டப்படும் என்றுதான் கொடுக்கவில்லை. பூ வைக்க முடியாதவள் கையில் பூவைக் கொண்டுபோய்க் கொடுப்பது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதாக இருக்கும் என்று நினைத்தேன். துரைசாமிக்கு அஞ்சலியாகக்கூட என் பெயரில் பூ அனுப்பாததும் அதனால்தான். நம் பக்கத்தில் அப்படி வழக்கம் கிடையாது.

சரியாகத்தான் செய்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

150/92. தை அமாவாசை. வடையைக் குறைக்கச் சொன்னால் கேட்டால்தானே.

பிப்ரவரி 13, செவ்வாய்

144/88.

காலை ஆறரைக்கே கடைக்குப் போய்விட்டேன். மார்லீனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ரோஜாக் கட்டினோம். அவளுக்கு அறுபத்தாறு வயசு, பேச்சில் பூச்சு வேலை கிடையாது. இந்த ஊரில் யார் யாருக்குப் பூ அனுப்புகிறார்கள், யார் அனுப்ப மறந்தார்கள், யார் வீட்டுக்குத் தெரியாமல் அனுப்புகிறார்கள் எல்லாம் தெரிந்தவள். வெளியே மூச்சு விடமாட்டாள்.

தெய்வானைக்கு ஒரு கொத்து கட்ட வேண்டும், பதினான்காம் தேதி கழியட்டும் என்றேன்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். “அப்போ உங்க வழக்கம் மாறிடுச்சா?”

“எந்த வழக்கம்?”

“புருஷன் செத்த பொம்பளைக்குப் பூ அனுப்ப மாட்டோம்னு நீதானே அன்னைக்குச் சொன்னே. அவ வந்து கேட்டப்போ நானும் அதையேதான் அவகிட்ட சொன்னேன்.”

தெய்வானை கடைக்கு வந்தாளா என்று கேட்டேன். வந்தாளாம். துரைசாமி இறந்து மூன்று வாரம் கழித்து, நன்றிக் கடிதம் எழுதுவதற்காக. பூ அனுப்பியவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் போடுவது இங்கே முறை. கார்டுகளை எல்லாம் அடுக்கி எடுத்துவந்து, கடைச் சீட்டுகளோடு ஒத்துப்பார்க்க வேண்டும், ஏதோ ஒரு கார்டு தவறிவிட்டது என்றாளாம்.

“சரிபார்த்தோம். இருபத்து மூணும் சரியா இருந்துச்சு. ‘கே அனுப்பினது எங்கயோ விட்டுப்போச்சு’ன்னா. நான் சொன்னேன், இல்லம்மா, அவ அனுப்பல, உங்க வழக்கம் அப்படின்னு சொன்னாளேன்னு.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“‘ஆமா, மறந்துட்டேன், அப்படி ஒரு வழக்கம் இருக்கு’ன்னா. அப்புறம் அந்த ஜன்னல் பக்கம் ரொம்ப நேரம் நின்னா. நான் பின்னால போய் வேலை பார்த்துட்டு வந்தேன், அப்பவும் நின்னுட்டுத்தான் இருந்தா.”

என் விரலில் முள் ஏறியிருந்தது. அதற்கப்புறம் இருநூறு ரோஜா கட்டியிருப்பேன். எப்படிக் கட்டினேன் என்று தெரியவில்லை.

அவள் அலுத்துப்போய்க் கேட்கவில்லை. வண்டியில் என் கொத்து இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 14, புதன்

141/85. எழுபத்தோரு வீடு. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஆம்பளைகளுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வருகிறது. இவர் எனக்கு வாங்கி வந்தது சர்க்கரை இல்லாத பிஸ்கட்.

பிப்ரவரி 15, வியாழன்

139/84.

கடை அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. எனக்கும் அப்படித்தான். கட்டலாம் என்று உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன். டாக்டர் படிக்க முடியாத நோட்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

அவள் மனசு நோகக் கூடாது என்று பூவை நிறுத்தினேன் என்று ஏழாம் தேதி எழுதியிருக்கிறேன். அது பொய்.

துரைசாமியின் பதினாறாம் நாள் காரியம். சோறு பொங்கி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் போனபிறகு தெய்வானை என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதாள். “நீங்க இருக்கறீங்கன்னுதானுங்கக்கா எனக்குத் தெம்பு” என்றாள். அதற்கு ஐந்தாம் நாள் இவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோய் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிடித்த கை.

டாக்டர் கொழுப்பு என்றார். இவர் அப்பாவுக்கும் அப்படித்தான், ஐம்பத்தைந்தில் வந்தது. எல்லாம் தெரியும். படித்தவள்தான் நான், பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. விலங்கியல். இதயத்துக்கு நாலு அறை என்று படம் வரைந்து மார்க் வாங்கியவள்.

இருந்தாலும் அதற்குப் பிறகு அவளிடமிருந்து நான் ஒன்றும் வாங்கவில்லை, என் கையால் பூவும் கொடுக்கவில்லை. பொங்கலுக்குக் கூப்பிடவில்லை. ஜலதோஷம் என்றேன், வேலை என்றேன். அவள் வீட்டுக்கு யாரோ அனுப்பிய பூவைக் கொடுத்துவிட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் கடைப் பின்கட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவியிருக்கிறேன். வேறு எந்த வீட்டுக்குப் போய்வந்தாலும் நான் கை கழுவுவதில்லை. ஐந்தாம் தேதிகூடக் கழுவினேன்.

எழுதிவிட்டேன். இதை எழுதின கையைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

143/87.

இன்று கட்டிவிடுவது என்று கிளம்பினேன். வாசலில் தேதித் தாளைக் கிழித்தால் அஷ்டமி. நாளை நவமி. இரண்டு வருடம் பொறுத்தது ஒரு நல்ல நாளில் நடக்கட்டும். ஞாயிறு கடை கிடையாது. திங்கட்கிழமை தசமி, காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, அவள் வைக்கும் காப்பியையும் குடித்துவிட்டு வர வேண்டும். செவ்வாய்தானே புறப்படுகிறாள்.

வெள்ளைப் பூ ஒன்றுகூட வைக்கப் போவதில்லை. அன்றைக்கு வந்த இருபத்து மூன்றும் வெள்ளை.

பிப்ரவரி 17, சனி

138/82.

மார்லீன் எனக்கு விடுமுறை கொடுத்தாள். வீட்டைத் துடைத்தேன். தெய்வானையிடம் என்ன பேசுவது என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். எப்படி ஆரம்பித்தாலும் எனக்கே சகிக்கவில்லை. பூவைக் கொடுத்தால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

இவர் டிவியில் வானிலை பார்த்துவிட்டு, “திங்கக்கிழம ஒரு அடி பனி விழுமாம்ளா” என்றார். வண்டிக்குக் குளிர்கால டயர் இருக்கிறது. பயமில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

எட்டு மணிக்குத்தான் போனைப் பார்த்தேன். ஆறு மணிக்கு வந்திருக்கிறது.

“குழலக்கா, பனி புயல் வருதுன்னு பையன் இன்னைக்கே கெளம்பலாங்கறான். எழுப்பி சொல்ல மனசு வரலீங்க. நேத்து கடைக்கு வந்திருந்தேன், நீங்க லீவுன்னாங்க. அண்ணன பாத்துக்குங்க.”

அஷ்டமி, நவமி பார்த்தேனே தவிர ஆகாயத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

145/90.

பனி பத்து மணிக்கு மேல்தான் பிடித்தது. அவள் போய்விட்டாள் என்று தெரிந்தும் கடைக்குப் போய்க் கொத்தைக் கட்டினேன். மஞ்சள் சாமந்தி, சிவப்பு ரோஜா, ஆரஞ்சு லில்லி. மல்லிகைக்கு நாலு மாதம் இருக்கிறது. மார்லீன் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். திரைச்சீலை இல்லாத ஜன்னல். கதவில் வீட்டுத் தரகர் மாட்டிய பூட்டு. மணி அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று தெரியவில்லை, பதினொரு வருடப் பழக்கம். காத்திருந்தேன். பையிலிருந்து அட்டையை எடுத்து, ‘உங்களுக்குப் பூ கொண்டுவந்தோம், நீங்கள் வீட்டில் இல்லை’ என்ற அச்சுக்குக் கீழே அவள் பெயரும் நேரமும் எழுதிக் கதவுக் குமிழில் மாட்டினேன். வண்டி வரைக்கும் நடந்த பிறகுதான் புத்தி வந்தது. திரும்பிப் போய்க் கழற்றிக்கொண்டு வந்தேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் எத்தனை பேரைக் கேலி செய்திருப்பேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

140/86.

ஊரே பனியில் கிடக்கிறது. கடை இல்லை. மத்தியானம் தெய்வானைக்குப் போன் போட்டேன்.

“பத்திரமா போயாச்சா?”

“ஆச்சுங்கக்கா. நேத்து பொழுதோட வந்து சேந்துட்டோம். இங்க வெயிலு கொளுத்துது. அங்க பனியிங்களா?”

“முழங்கால் மட்டும் கெடக்கு.”

“அண்ணன பனி தள்ள உடாதீங்க. ஆள வெச்சு தள்ளுங்க.”

துரைசாமி பனி தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் விழுந்தார். சரி என்றேன். பேரன் நடக்கிறானா என்று கேட்டேன். நடக்கிறானாம். வேறென்ன என்றாள், ஒன்றுமில்லை என்றேன். வைத்துவிட்டோம். நாலு நிமிஷம் பேசியிருக்கிறோம் என்று போன் சொல்கிறது.

பிப்ரவரி 22, வியாழன்

137/83.

எங்கள் கல்யாண நாள். முப்பத்து நாலு வருடம். இவர் மறக்கவில்லை என்று காட்டுவதற்காகக் காலையில் தானே காப்பி போட்டார். குடித்துவைத்தேன்.

கடையில் மார்லீன் ஒரு சீட்டை நீட்டினாள். “முதல்ல இதைக் கட்டு. நல்லாக் கட்டு.” சீட்டில் பெயர் இல்லை. நிறைய மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, வாசனையுள்ள பூவாக இருக்க வேண்டும், வெள்ளை வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தது. மஞ்சள் ஃப்ரீசியா நல்ல வாசனையாக வந்திருந்தது. அதைச் சுற்றிலும் வைத்து, நடுவில் சிவப்பு ரோஜாவைச் செருகிக் கட்டினேன். கை தன்னால் வேலை செய்தது. நன்றாகவே வந்தது.

“எந்த வீடு?” என்றேன்.

மார்லீன் கல்லாவுக்குக் கீழிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தாள். மேலே தமிழ் எழுத்து. ‘குழலக்காவுக்கு.’

“சனிக்கிழமை வந்து கொடுத்துட்டுப் போனா. உனக்காக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தா. போன் பண்ணவான்னு கேட்டேன், வேண்டாம், ஓய்வு எடுக்கட்டும்னா.”

எத்தனையோ பேர் செய்வதைப் பார்த்த நான், அதையேதான் செய்தேன். பூவைக் கீழே வைத்துவிட்டுக் கார்டைப் பிரித்தேன்.

‘குழலக்கா, உங்களுக்கும் அண்ணனுக்கும் கல்யாண நாள் வாழ்த்துங்க. நான் குடுத்தா ஆகாதுன்னு தோணுச்சுன்னா கடைப் பூன்னு நெனச்சு வெச்சுக்குங்க. நான் தொடல, கடையிலயே எடுத்துக் கட்டோணும்னு சொல்லியிருக்கறேன். ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும். தெய்வானை.’

கடைப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று திறந்தது. கை கழுவவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

141/86.

பூ சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. வீடு முழுக்க வாசனை. யார் அனுப்பியது என்று நேற்றே இவர் கேட்டார். இன்று காலையில் கார்டைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, ‘ஆகாது’ என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

இவர் எதற்கும் கோபப்படுகிற மனுஷர் இல்லை. கார்டைப் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ எனக்கு யாரு கஞ்சி கொண்டாந்தது?” என்றார்.

“தெய்வானை.”

“அவ புருசன் போயி ஒரு மாசம்கூட ஆகல. நாப்பது மைலு பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வந்தா. அதக் குடிச்சுத்தான்ளா நான் எந்திரிச்சேன். அது ஆச்சு, பூ மட்டும் ஆகாதா?”

கஞ்சியை நான் மறந்தே போயிருந்தேன். மறக்கவில்லை, அதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

“பாவி” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். என்னைச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

கடைக்குப் போனதும் மார்லீனிடம், டெக்சாஸில் அவள் இருக்கிற ஊருக்குப் பூ அனுப்ப வேண்டும் என்றேன். இங்கிருந்து அந்த ஊர்ப் பூக்கடைக்குப் போனில் சொன்னால் அவர்கள் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தினமும் செய்கிற வேலைதான். மார்லீன் படிவத்தை எடுத்து, “என்ன விசேஷம்னு போட?” என்றாள். பிறந்தநாள், திருமணம், அனுதாபம், நன்றி, மன்னிப்பு என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கிறது. எதில் குறி போடச் சொல்வது? எல்லாவற்றிலும் போடலாம். ஒன்றிலும் போடாதே என்றேன்.

“கார்டுல?”

நேற்றிலிருந்து மனசுக்குள் ஒரு கடிதமே எழுதிவைத்திருந்தேன். கை கழுவியது வரைக்கும் அதில் இருந்தது. அந்த ஊர்ப் பெண் அதைப் போனில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பூப்படமும் போடுவாள் என்று நினைத்ததும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதோடு, இருபத்து மூன்று கார்டிலும் தெய்வானை வாசகத்தைத் தேடவில்லை. ஒரு பெயரைத்தான் தேடினாள்.

“குழலக்கா. அது மட்டும் போதும்” என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். மார்லீன் திருத்தமாக எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

அழுத்தம் பார்க்க மறந்துவிட்டேன். இவரும் ஞாபகப்படுத்தவில்லை.

நேற்றுக் காலை பதினொன்று நாற்பதுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று டெக்சாஸ் கடையிலிருந்து சேதி வந்திருந்தது. தெய்வானையிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். நான் போனையே பார்த்துக்கொண்டு ஒரே காம்பை மூன்று தடவை வெட்டுவதைக் கண்ட மார்லீன், அந்தக் கடையைக் கூப்பிட்டு, பூ கொண்டுபோன பெண்ணிடமே என்னைப் பேச வைத்தாள். சின்ன வயசுக் குரல். என்னைப் போலவே வண்டி ஓட்டுகிறவள். இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

“அவங்கதான் கதவைத் திறந்தாங்களா?”

“ஆமா மேடம். கண்ணாடி போட்டவங்க, இடுப்புல ஒரு குழந்தை.”

“பூவைப் பார்த்தாங்களா?”

“கார்டைத்தான் முதல்ல எடுத்தாங்க. எல்லாரும் அப்படித்தானே.”

“படிச்சுட்டு, வண்டியில வேற ஏதாவது இருக்கான்னு கேட்டாங்களா?”

“இல்லையே, அதைக் கேக்கல.” அந்தப் பெண் யோசித்தாள். “இது எனக்குத்தானான்னு கேட்டாங்க. ஆமான்னேன். குழந்தையைக் கீழ இறக்கிவிட்டுட்டு மறுபடியும் கேட்டாங்க. சீட்டைக் காட்டினேன். பேரையும் விலாசத்தையும் விரல் வெச்சுப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கினாங்க. ஏதாவது தப்பாயிடுச்சா மேடம்?”

ஒன்றும் தப்பில்லை, நீ சரியாகத்தான் கொடுத்தாய் என்று சொல்லி வைத்தேன்.

இந்த ஊரில் எத்தனையோ பேர் வாசலில் நின்று, “இது எனக்கா?” என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். “உங்களுக்கேதான்” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். தெய்வானை இரண்டு தடவை கேட்டபோது சொல்வதற்கு நான் அங்கே இல்லை.